பத்ரில் ஒரு பங்கு: நோயாளியைப் பார்த்துக்கொள்பவரை நாம் பார்த்துக்கொள்வோம்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



நோயாளியை நலம் விசாரிப்பது ஒரு முஸ்லிம் மற்ற முஸ்லிமுக்குச் செய்ய வேண்டிய கடமைகளில் ஒன்று என்பதை நாம் சிறு வயதிலிருந்தே மதரஸாவில் படித்திருக்கிறோம். அல்ஹம்துலில்லாஹ், நம் ஊரில் இந்தக் கடமைக்குக் குறைவில்லை. ஒருவர் படுத்துவிட்டார் என்று தெரிந்தால் அஸருக்குப் பிறகு அந்த வீட்டு வாசலில் செருப்புகள் நிறைந்துவிடும். பழம் வரும், ரொட்டி வரும், ஓதிய தண்ணீர் வரும். நோயாளியின் தலைமாட்டில் நின்று துஆ செய்கிறோம். திரும்பும்போது அந்த வீட்டுப் பெண் கொடுக்கும் தேநீரையும் குடித்துவிட்டு வருகிறோம்.

அந்தத் தேநீரைப் போட்டவர் நேற்றிரவு எத்தனை மணி நேரம் தூங்கினார் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

இந்த மாதப் பாடம் அவரைப் பற்றியது. இனி குணமாக வாய்ப்பில்லை, வலியில்லாமல் வைத்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவர்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்ட நோயாளியை இரவும் பகலும் பார்த்துக்கொள்ளும் மனைவி, மகள், மகன், மருமகள் ஆகியோரைப் பற்றியது. மருத்துவத்தில் இதனை நோய் ஆதரவு சிகிச்சை என்றும், கடைசிக் காலத்துக்கென்றே உள்ள பராமரிப்பை ஹாஸ்பிஸ் என்றும் சொல்கிறார்கள். இதற்கென்று தனி இல்லங்கள் பெரிய நகரங்களில் சில உண்டு. நம்மைப் போன்ற ஊர்களில் பெரும்பாலும் வீடுதான் ஹாஸ்பிஸ், வீட்டில் இருப்பவர்தான் நர்ஸ்.

பத்ரில் பங்கு பெற்றவர்

ஹிஜ்ரி 2, ரமலான் மாதம். நபி (ஸல்) அவர்கள் பத்ருக்குப் புறப்படுகிறார்கள். இஸ்லாமிய வரலாற்றில் பத்ரில் கலந்துகொண்டவர்களுக்கு உள்ள சிறப்பு நாம் அறிந்ததே. உஸ்மான் (ரலி) அவர்கள் அதில் கலந்துகொள்ளவில்லை. அவர்களின் மனைவியும் நபியவர்களின் மகளுமான ருகைய்யா (ரலி) அவர்கள் அப்போது கடுமையான நோயில் இருந்தார்கள். மனைவியின் அருகில் இருந்து பார்த்துக்கொள்ளுமாறு உஸ்மான் (ரலி) அவர்களை நபியவர்கள் மதீனாவிலேயே இருக்கச் செய்தார்கள். பத்ரின் வெற்றிச் செய்தி மதீனாவுக்கு வந்து சேர்ந்தபோது ருகைய்யா (ரலி) அவர்கள் வஃபாத்தாகியிருந்தார்கள்.

பிற்காலத்தில் ஒருவர் இதையே உஸ்மான் (ரலி) அவர்கள் மீது குறையாகச் சொன்னபோது, இப்னு உமர் (ரலி) அவர்கள் அந்த மனிதருக்கு விளக்கம் தந்தார்கள். பத்ரில் கலந்துகொண்ட ஒருவருக்கு உரிய கூலியும், போர்ப்பொருளில் அவருக்குரிய பங்கும் உஸ்மானுக்கு உண்டு என்று நபியவர்கள் சொன்னதை எடுத்துக்காட்டினார்கள். இது புகாரியில் பதிவாகியுள்ளது.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். முதலாவது, நோயாளியின் அருகில் இருந்ததை மார்க்கம் "வீட்டில் சும்மா இருந்தது" என்று பார்க்கவில்லை. களத்தில் நின்றவருக்கு உள்ள அதே கூலி அவருக்கும் உண்டு என்றது. இரண்டாவது, மறுமையின் கூலியோடு அது நிற்கவில்லை. இந்த உலகில் பங்கு பிரித்தபோது அவருக்கும் ஒரு பங்கு எடுத்துவைக்கப்பட்டது. "அல்லாஹ் உங்களுக்குக் கூலி தருவான்" என்று சொல்லிவிட்டு நபியவர்கள் நகர்ந்துவிடவில்லை.

நாம் முதல் பாதியை நன்றாகச் செய்கிறோம். "உனக்கு சுவர்க்கம்தான் வாப்பா", "பெரிய நன்மை ராத்தா" என்று மனமாரச் சொல்கிறோம். இரண்டாவது பாதியான பங்கை எடுத்துவைப்பதில்தான் நம் மஹல்லா பின்தங்கியிருக்கிறது.

வீட்டில் நடப்பது

இந்தப் பணியின் கனம் வெளியிலிருந்து வருபவருக்குத் தெரிவதில்லை. எழுந்து உட்கார முடியாத ஒரு நோயாளிக்குப் படுக்கைப்புண் வராமலிருக்க ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இரவிலும் அப்படித்தான். மருந்துகளுக்கு நேரம் உண்டு. வாயைத் துடைக்க வேண்டும், சிறுநீர்ப் பையைக் காலி செய்ய வேண்டும், துணி மாற்ற வேண்டும். இவற்றுக்கிடையே சமையல், பிள்ளைகளின் பள்ளிக்கூடம், வருகிறவர்களுக்குத் தேநீர். இதைச் செய்பவர் பெரும்பாலும் பெண். பல வீடுகளில் அவரும் ஐம்பதைக் கடந்தவர், சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உள்ளவர். தன் மாத்திரையை எடுக்க மறந்துவிடுகிறார்.

கணவரை எட்டு மாதம் பார்த்துக்கொண்ட ஒரு தாய், அவருடைய ஜனாஸாவுக்குப் பிறகு நம் டிரஸ்ட்டின் சகோதரிகளிடம் சொன்ன ஒரு வார்த்தை இங்கே பதிவு செய்யத் தக்கது. "எல்லாரும் வந்தாங்க, யாரையும் குறை சொல்ல மாட்டேன். ஆனா ஒருத்தராவது, நீ போய் ஒரு மணி நேரம் படு, நான் இருக்கேன்னு சொல்லியிருந்தா, அது எனக்கு ஆயிரம் ரூபாயை விடப் பெரிசா இருந்திருக்கும்." அந்த எட்டு மாதமும் அவர் ஒரு கல்யாண வீட்டுக்கோ சொந்த உம்மாவின் வீட்டுக்கோ போகவில்லை.

சல்மான் (ரலி) அவர்கள் தம் சகோதரராக்கப்பட்ட அபுத்தர்தா (ரலி) அவர்களின் வீட்டுக்குச் சென்றபோது, அவர் இரவெல்லாம் வணங்கி, பகலெல்லாம் நோன்பிருந்து தம்மையும் குடும்பத்தையும் மறந்திருப்பதைக் கண்டார்கள். இறைவனுக்கும், உன் உடலுக்கும், உன் குடும்பத்துக்கும் உன் மீது உரிமை உண்டு. ஒவ்வொருவருக்கும் உரியதைக் கொடு என்ற கருத்தில் அறிவுரை சொன்னார்கள். சல்மான் சொன்னது உண்மை என்று நபியவர்களும் உறுதிப்படுத்தினார்கள். வணக்கத்திலேயே உடலுக்கு உரிமை உண்டு என்றால், பணிவிடையில் இல்லாமல் போகுமா? நோயாளியைப் பார்த்துக்கொள்பவர் தூங்குவதும் சாப்பிடுவதும் தன் மருந்தை எடுப்பதும் சுயநலம் ஆகாது. அவர் விழுந்துவிட்டால் அந்த வீட்டில் இரண்டு நோயாளிகள்.

கடமை யார் மீது?

இதைச் சற்று வெளிப்படையாகவே எழுத வேண்டியிருக்கிறது. பெற்றோர் முதுமை அடைந்தால் அவர்களிடம் "சீ" என்றுகூடச் சொல்லாமல் பணிவோடு நடக்கும்படி பனூ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 23, 24 வசனங்கள் கட்டளையிடுகின்றன. அந்தக் கட்டளை பிள்ளைகளுக்கு. மகனுக்கும் உண்டு, மகளுக்கும் உண்டு. மாமனார் மாமியாருக்கு மருமகள் செய்யும் பணிவிடை அவளுடைய நற்குணம், இஹ்ஸான். அதற்கு அல்லாஹ்விடம் பெரும் கூலி உண்டு. ஆனால் அது மகனின் கடமையை இறக்கி வைக்கும் சுமைதாங்கி அல்ல.

நம் வீடுகளில் நடப்பது என்ன? மகன் துபாயிலோ சவூதியிலோ மலேசியாவிலோ இருக்கிறார். மாதாமாதம் பணம் வருகிறது. மகள்மார் புகுந்த வீட்டில் இருக்கிறார்கள். மாமியின் படுக்கையருகே இருப்பது மருமகள். வெள்ளிக்கிழமை வீடியோ காலில் வரும் கேள்விகளோ, "உம்மா ஏன் மெலிஞ்சிருக்காங்க?", "டாக்டரை மாத்திப் பார்த்தீங்களா?", "கஞ்சி குடுத்தியா இல்லையா?" என்ற தொனியில் இருக்கின்றன. கேட்பவருக்கு அது உம்மா மீதுள்ள பாசம். கேட்கப்படுபவருக்கு அது விசாரணை.

வெளிநாட்டில் இருக்கும் சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிழைப்புக்காகத் தூரத்தில் இருப்பது குற்றமல்ல. ஆனால் போனில் முதல் கேள்வி, "நீ எப்படி இருக்கே? ராத்திரி தூங்கினியா?" என்பதாக இருக்கட்டும். வாய்ப்பிருந்தால் இரவு நேரத்துக்கு ஒரு பணிப்பெண் வைக்கப் பணம் அனுப்புங்கள். விடுமுறையை ஜனாஸாவுக்கென்று ஒதுக்கிவைக்காமல், அவர்கள் உங்களை அடையாளம் கண்டு பேசும் நாளில் வந்து, இரண்டு வாரம் நீங்களே இரவில் கண் விழித்திருங்கள். உள்ளூரில் இருக்கும் மகள்கள் முறை வைத்துக்கொள்ளலாம். காக்கா தம்பிகள் உட்கார்ந்து பேசி யாருக்கு எந்த நாள் என்று எழுதிக்கொள்வது வெட்கப்பட வேண்டிய காரியம் அல்ல.

பார்த்துக்கொள்பவரின் தொழுகை

"ஜும்ஆவுக்குப் போக முடியவில்லையே" என்று வருந்தும் சகோதரர்கள் உண்டு. தன்னை விட்டால் பார்க்க ஆள் இல்லாத நோயாளியின் அருகில் இருப்பவருக்கு ஜமாஅத்தும் ஜும்ஆவும் விலக்கு அளிக்கப்பட்டவை. ஜும்ஆவுக்குப் பதிலாக லுஹர் தொழுதுகொள்ள வேண்டும். மவ்த்தின் நெருக்கத்தில் இருக்கும் உறவினர், இவர் பக்கத்தில் இருப்பதால் ஆறுதல் அடைகிறார் என்றால், பார்த்துக்கொள்ள வேறு ஆள் இருந்தாலும் இவருக்கு விலக்கு உண்டு என்று ஷாஃபிஈ மத்ஹபின் நூல்கள் சொல்கின்றன. ஸயீத் பின் ஜைத் (ரலி) அவர்கள் ஒரு வெள்ளிக்கிழமை நோயுற்றிருப்பதாகக் கேள்விப்பட்ட இப்னு உமர் (ரலி) அவர்கள், ஜும்ஆ நேரம் நெருங்கிவிட்ட நிலையிலும் அவரிடம் புறப்பட்டுச் சென்றார்கள், ஜும்ஆவை விட்டார்கள். இதுவும் புகாரியில் உள்ளது.

நோயாளியின் தொழுகையும் பார்த்துக்கொள்பவரின் தலையில்தான் விழுகிறது. நிற்க முடியாதவர் உட்கார்ந்தும், அதுவும் முடியாதவர் படுத்தும், அதுவும் முடியாதவர் சைகையாலும் தொழலாம். தண்ணீர் தீங்கு தரும் என்றால் தயம்மும். சிறுநீர்க் குழாய் போட்டிருப்பவர் நிரந்தர உபாதை உள்ளவரின் சட்டத்தில் வருவார். நேரம் வந்த பிறகு உளூ செய்து அந்த ஃபர்ளைத் தொழலாம், குழாயைக் காரணம் காட்டித் தொழுகையை விடத் தேவையில்லை. நோன்பு நோற்க முடியாத, குணமாகும் எதிர்பார்ப்பும் இல்லாத நோயாளிக்கு நோன்பு ஒன்றுக்கு ஓர் ஏழைக்கு உணவு என்ற ஃபித்யா போதுமானது. சுயநினைவு தப்பித் தப்பி வருபவர், படுக்கையின் சுத்தம், இரு நேரத் தொழுகைகளைச் சேர்த்துத் தொழுவது போன்ற நுட்பமான கேள்விகளை நம் ஹளரத்திடம் கேளுங்கள். வீட்டை விட்டு வெளியே வர முடியாதவர் போனில் கேட்டாலும் பதில் கிடைக்கும்.

குளிப்பாட்டுவதில் கூச்சம் ஒரு பெரிய பாரம். கணவன் மனைவிக்கிடையே தடை எதுவும் இல்லை. மற்றவர்கள் விஷயத்தில் ஆணுக்கு ஆணும் பெண்ணுக்குப் பெண்ணும் செய்வது முறை. அப்படி ஆள் இல்லாத நிர்ப்பந்தத்தில், மேலே ஒரு விரிப்பைப் போர்த்தி, கையுறை அணிந்து, தேவைக்கு மேல் பார்க்காமல் மகன் தாய்க்கும் மகள் தகப்பனுக்கும் செய்வது குற்றமாகாது. நம்மை அள்ளிக் கழுவி வளர்த்தவர்களுக்கே அதைச் செய்கிறோம்.

மனதை அரிக்கும் நான்கு அச்சங்கள்

பார்த்துக்கொள்பவர்கள் வெளியே சொல்லாமல் உள்ளுக்குள் சுமக்கும் அச்சங்கள் சில உண்டு. மஹல்லாவின் பேச்சு பல நேரம் அவற்றைக் கூட்டிவிடுகிறது.

ஒன்று, மார்ஃபின். "அது போதை மருந்து, ஹராம்", "அதைக் கொடுத்தால் சீக்கிரம் மவ்த்தாகிவிடும்", "கலிமா சொல்லக்கூட நினைவு இருக்காது" என்று வருகிறவர்கள் சொல்லிவிட்டுப் போகிறார்கள். மருத்துவர் எழுதிக்கொடுத்து, கடும் வலிக்காக எடுக்கப்படும் மருந்தை மார்க்க அறிஞர்கள் தேவையின் அடிப்படையில் அனுமதித்துள்ளனர். சரியான அளவில், படிப்படியாகக் கூட்டிக் கொடுக்கப்படும் மார்ஃபின் மரணத்தை விரைவுபடுத்துவதில்லை என்பது நோய் ஆதரவு மருத்துவத்தின் நீண்டகால அனுபவம். முதல் சில நாள் தூக்கக் கலக்கம் இருக்கும், பிறகு பெரும்பாலோருக்குத் தெளிந்துவிடும். வலியில் துடிப்பவரால் ஓதவும் முடியாது, தொழவும் முடியாது. வலி அடங்கினால்தான் நாவில் திக்ரு வரும். வலி வந்த பிறகு கொடுக்காமல், மருத்துவர் சொன்ன நேரத்துக்குத் தவறாமல் கொடுக்க வேண்டும். மலச்சிக்கல் நிச்சயம் வரும் என்பதால் அதற்கான மருந்தையும் கூடவே கேட்டு வாங்க வேண்டும். திடீரென்று நாமாக நிறுத்தக் கூடாது. முன்பு இந்த மாத்திரை கிடைப்பதே அரிதாக இருந்தது. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில் 2014-இல் செய்த திருத்தம், வலியுள்ள நோயாளிகளுக்கு இத்தகைய மருந்துகள் கிடைப்பதை எளிதாக்கவே கொண்டுவரப்பட்டது.

இரண்டு, உணவு. கடைசி வாரங்களில் நோயாளி சாப்பாட்டைக் குறைப்பார், பிறகு தண்ணீரையும் குறைப்பார். உடல் தன் வேலைகளை ஒவ்வொன்றாக நிறுத்திக்கொள்வதன் அடையாளம் அது. பட்டினி போட்டதால் வந்ததல்ல. கட்டாயப்படுத்தி ஊட்டினால் புரையேறி நுரையீரலுக்குள் போகும் ஆபத்து உண்டு. நோயாளிகளை உண்ணவும் பருகவும் கட்டாயப்படுத்த வேண்டாம் என்ற கருத்தில் ஒரு நபிமொழி திர்மிதியில் உள்ளது. கேட்டால் கொடுங்கள், விழுங்க முடிந்த அளவு கொடுங்கள். இல்லையென்றால் நனைத்த பஞ்சால் உதட்டையும் வாயையும் ஈரமாக வைத்திருங்கள். "ஒண்ணுமே குடுக்கலையா?" என்று அந்த வீட்டில் போய்க் கேட்காதீர்கள். அந்த ஒரு கேள்வி அவர் நெஞ்சில் வருடக்கணக்கில் நிற்கும்.

மூன்று, ஆஸ்பத்திரி. "பெரிய ஆஸ்பத்திரியில் வைத்திருந்தால் பிழைத்திருப்பாரே" என்பது. நம்பகமான மருத்துவர்கள் இனி சிகிச்சையால் பயனில்லை என்று தெளிவாகச் சொன்ன பிறகு, தீவிர சிகிச்சைப் பிரிவில் குழாய்களுக்கு நடுவே வைத்தே ஆக வேண்டும் என்று மார்க்கம் கட்டாயப்படுத்தவில்லை என்பது அறிஞர்கள் பலரின் நிலை. வீட்டில், கிப்லாவை நோக்கி, பிள்ளைகளின் ஓதலுக்கு நடுவே ரூஹ் பிரிவதற்கு வழி செய்தவர் கைவிட்டவர் ஆக மாட்டார். இந்த முடிவை எடுக்கும் நாளில் மருத்துவரும் ஆலிமும் குடும்பமும் ஒன்றாக உட்கார்ந்து பேசட்டும். ஒரு மருமகளோ ஒரு மகனோ தனியாக எடுத்த முடிவாக அது ஆகிவிடக் கூடாது.

நான்கு, இதைச் சொல்லவே நாக்குக் கூசும். மாதக்கணக்கில் தூக்கமில்லாமல் இருக்கும்போது, "அல்லாஹ் சீக்கிரம் முடிச்சுக் குடுத்தா நல்லது" என்று ஒரு நினைப்பு வந்துவிடும். வந்த மறுநொடி, நான் எவ்வளவு பெரிய பாவி என்ற நடுக்கம். சோர்வில் மனதில் எழும் எண்ணமும், ஒருவரின் சாவை விரும்புவதும் வேறு வேறு. மரணத்தை விரும்பிக் கேட்கக் கூடாது என்று தடுத்த நபியவர்கள், துன்பம் தாங்க முடியாதவருக்கு வேறொரு துஆவைக் கற்றுத்தந்தார்கள்: வாழ்வு நன்மையாக இருக்கும்வரை வாழ வை, மரணம் நன்மையாக இருக்கும்போது எடுத்துக்கொள் என்ற பொருளில். அந்த துஆவைச் சொல்லுங்கள். எந்த ஆன்மாவையும் அதன் சக்திக்கு மீறி அல்லாஹ் சிரமப்படுத்துவதில்லை. அந்த நினைப்பு அடிக்கடி வருகிறது என்றால், நீங்கள் கெட்டவர் என்று பொருளல்ல. உங்களுக்கு ஓய்வு தேவை, நாங்கள் இன்னும் வந்து சேரவில்லை என்று பொருள்.

அவர்களுக்குரிய பங்கு: நாம் செய்ய வேண்டியவை

ஜஃபர் (ரலி) அவர்கள் மூத்தா போரில் ஷஹீதான செய்தி வந்தபோது, அவர்களின் குடும்பத்துக்கு உணவு சமைத்துக் கொடுக்கும்படி நபியவர்கள் சொன்னார்கள். அவர்களின் கவனம் முழுவதும் வேறொன்றில் சிக்கியிருக்கிறது என்பதே சொல்லப்பட்ட காரணம். மவ்த்து வீட்டுக்கு மூன்று நாள் சாப்பாடு கொண்டுபோகும் நம் வழக்கத்துக்கு அடிப்படை இதுதான். அந்தக் காரணம் நோயாளி உள்ள வீட்டுக்கு மாதக்கணக்கில் பொருந்துகிறது. மவ்த்துக்குப் பிறகு கொடுக்கும் அந்தச் சட்டியை, அதற்கு முன்பும் கொடுப்போம்.

1. சாப்பாடு: பக்கத்து நான்கு வீடுகள் சேர்ந்தால் ஒரு வீட்டுக்கு வாரத்தில் ஒன்றிரண்டு நாள்தான் முறை வரும். நோயாளிக்கு விழுங்க எளிதான கஞ்சியும் வீட்டாருக்குச் சோறும் கறியும். ஆயிஷா (ரலி) அவர்கள் நோயாளிக்கும் துக்கத்தில் இருப்பவருக்கும் தல்பீனா எனும் வாற்கோதுமைக் கஞ்சியைச் செய்யச் சொல்வார்கள். பாத்திரத்தைத் திரும்பக் கேட்டு நிற்காதீர்கள்.

2. நேரம்: "ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்று சொல்லாதீர்கள், யாரும் சொல்ல மாட்டார்கள். "செவ்வாய்க்கிழமை லுஹருக்குப் பிறகு அஸர் வரை நான் இருக்கிறேன், நீங்கள் தூங்குங்கள்" என்று நாளையும் நேரத்தையும் சொல்லுங்கள். போகும் முன்பு புரட்டிப் படுக்க வைப்பது, மருந்து நேரம், யாருக்குப் போன் செய்வது ஆகிய மூன்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

3. கால்களும் வண்டியும்: மருந்து வாங்குவது, ரேஷன் கடை, கரண்ட் பில், பிள்ளைகளை டியூஷனில் விடுவது. இளைஞர்களுக்கு இது அரை மணி நேர வேலை.

4. நலம் விசாரிப்பு: பத்து நிமிடம் போதும். பிள்ளைகள் கூட்டமாக வேண்டாம். தேநீர் வேண்டாம் என்று வாசலிலேயே சொல்லிவிடுங்கள். யாருக்கோ இதே நோய் வந்து எப்படி மவ்த்தானார் என்ற கதையும், நாட்டு மருந்து யோசனையும் வேண்டாம். நோயாளிக்குத் துஆ செய்துவிட்டு, பார்த்துக்கொள்பவரிடம் தனியே ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் அழுதால் அழட்டும். ஸப்ரு செய்யுங்கள் என்று உடனே வாயை அடைத்துவிடாதீர்கள். மகன் இப்ராஹீம் வஃபாத்தானபோது நபியவர்களின் கண்களும் கலங்கின.

5. பொருள்: சாய்க்கும் கட்டில், காற்றுப் படுக்கை, வீல்சேர், கமோடு நாற்காலி ஆகியவை நம் டிரஸ்ட்டில் இரவலாகக் கிடைக்கின்றன. வாடகை இல்லை. குணமாகிவிட்டாலோ மவ்த்தாகிவிட்டாலோ வீட்டில் சும்மா கிடக்கும் இத்தகைய பொருட்களை டிரஸ்ட்டுக்குக் கொடுத்துவிட்டால் ஸதக்கத்துல் ஜாரியாவாகும்.

6. பணம்: பார்த்துக்கொள்வதற்காக வேலையை விட்டவரின் வீட்டில் வருமானம் நின்றிருக்கும். தகுதியுள்ள குடும்பமானால் ஜகாத்திலிருந்து கொடுக்கலாம். அவர்கள் வந்து கேட்க மாட்டார்கள். பக்கத்து வீட்டார் எங்களிடம் சொன்னால் போதும், பெயர் வெளியே வராது.

எங்கே உதவி கிடைக்கும்?

தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்டது. சர்க்கரை, இரத்த அழுத்த மருந்துகளை வீட்டில் தருவதோடு, படுத்த படுக்கையாக உள்ளவர்களுக்கு நோய் ஆதரவு சிகிச்சையும் இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கே வந்து அளிப்பது அதில் அடங்கும். நம் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் நோயாளியின் பெயரைப் பதிவு செய்யுங்கள். மருத்துவ ஆலோசனைக்கு 104, ஆம்புலன்ஸுக்கு 108. சிறுநீர்க் குழாய், புண்ணுக்குக் கட்டுப் போடுவது, மூக்கு வழியாக உணவு கொடுப்பது ஆகியவற்றை வரும் செவிலியரிடம் செய்துகாட்டச் சொல்லி, வீட்டில் குறைந்தது இருவர் கற்றுக்கொள்ளுங்கள். ஒருவருக்கு மட்டும் தெரிந்தால் அவருக்கு ஓய்வே இல்லை.

பக்கத்து கேரளாவில் இது ஓர் இயக்கமாகவே வளர்ந்திருக்கிறது. 1993-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் சிறிய அளவில் தொடங்கிய முயற்சி, பின்னர் மலப்புரம் உள்ளிட்ட மாவட்டங்களில் ஊர் மக்கள் தாமே நடத்தும் மையங்களாகப் பரவியது. கடைக்காரரும் ஆசிரியரும் மாணவரும் பயிற்சி பெற்று, வாரத்தில் சில மணி நேரம் நோயாளிகளின் வீடுகளுக்குச் செல்கிறார்கள். செலவு பெரும்பாலும் சிறு சிறு நன்கொடைகளில் நடக்கிறது. 2008-இல் கேரள அரசு இதற்கென்று தனிக் கொள்கையே அறிவித்தது. பெரிய கட்டடத்தில் தொடங்கிய காரியமல்ல அது. நம் மஹல்லாவிலும் பத்து ஆண்களும் பத்துப் பெண்களும் முன்வந்தால், பயிற்சிக்கு ஏற்பாடு செய்ய டிரஸ்ட் தயாராக இருக்கிறது, இன்ஷா அல்லாஹ்.

கடைசி நேரமும் அதற்குப் பிறகும்

மூச்சு இடைவெளி விட்டு வருவதும், தொண்டையில் கரகரப்பும், கை கால் குளிர்வதும் கடைசி மணி நேரங்களின் அடையாளங்கள். இதை முன்கூட்டியே சொல்லிவைத்தால் வீட்டார் பதறி நடு இரவில் வண்டி தேட மாட்டார்கள். கலிமாவை அருகிலிருந்து மென்மையாகச் சொல்லுங்கள். அவர் ஒருமுறை சொல்லிவிட்டால் போதும், திரும்பத் திரும்ப வற்புறுத்தக் கூடாது. வாய் திறக்க முடியாவிட்டாலும் பதற வேண்டாம், உள்ளத்தை அறிந்தவன் அல்லாஹ்.

ஜனாஸா முடிந்த நான்காம் நாள் வீடு காலியாகிவிடும். மாதக்கணக்கில் இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் எழுந்தவருக்கு அதே நேரத்தில் விழிப்பு வரும். எழுந்தால் செய்ய வேலை இருக்காது. மனைவியானால் நான்கு மாதம் பத்து நாள் இத்தாவில் இருப்பார். அந்த நாட்களில்தான் சகோதரிகள் அதிகம் போய்வர வேண்டும். "நீங்க நல்லாப் பார்த்துக்கிட்டீங்க" என்று சொல்லுங்கள், பலமுறை சொல்லுங்கள். அவருடைய சர்க்கரையைப் பரிசோதிக்க அழைத்துப் போங்கள். பல வாரங்களுக்குப் பிறகும் சாப்பாடும் தூக்கமும் சரியாகவில்லை, யாரிடமும் பேசவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுவதில் தவறில்லை. ஈமான் குறைவால் வருவதல்ல அது.

வீட்டில் பேசிக்கொள்ள

இந்த வாரம் ஒருநாள் மஃரிபுக்குப் பிறகு குடும்பத்தோடு உட்கார்ந்து இவற்றைப் பேசுங்கள்.

1. நம் தெருவில் படுக்கையில் இருக்கும் நோயாளியைப் பார்த்துக்கொள்பவர் யார்? அவர் பெயர் நமக்குத் தெரியுமா?

2. வாரத்தில் எந்த நாள், எந்த நேரம் நம்மால் அந்த வீட்டில் இருக்க முடியும்?

3. நம் வீட்டில் வாப்பாவோ உம்மாவோ படுத்துவிட்டால் யார் யார் எந்தப் பொறுப்பை ஏற்பது? ஒருவர் தலையில் மட்டும் விழாமலிருக்க இப்போதே என்ன பேசிவைக்கலாம்?

4. கடன், அமானிதம், கொடுக்க வேண்டிய மஹர், வஸிய்யத் ஆகியவை எழுதிவைக்கப்பட்டுள்ளனவா? நோயாளியைப் பார்த்துக்கொள்பவரிடம் கடைசியில் இவற்றைக் கேட்டு நிற்கும் நிலை வரக் கூடாது.

அன்று மதீனாவில் ஒரு நோயாளியின் அருகில் இருந்தவருக்குப் பத்ரில் ஒரு பங்கு எடுத்துவைக்கப்பட்டது. நம் தெருவில் இருப்பவருக்குரிய பங்கு நம் கையில் இருக்கிறது. ஒரு வேளைச் சோறாக, ஒரு மதியத் தூக்கமாக, ஒரு நல்ல வார்த்தையாக அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்போம்.

யா அல்லாஹ், எங்கள் நோயாளிகளின் வலியை லேசாக்குவாயாக. அவர்களுக்காக இரவுகளை விழித்துக் கழிப்பவர்களின் உடலுக்கு வலிமையையும் உள்ளத்துக்கு அமைதியையும் தருவாயாக. அவர்களைத் தனியாக விட்டுவிடாத மஹல்லாவாக எங்களை ஆக்குவாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

செயலாளர்